கறுப்பு நிலம்

அங்கே ஆளில்லை என்று சொன்னது வரைபடம், நானில்லை. உப்புமாவைக் கிளறியபடி மங்கையர்க்கரசி மனத்துக்குள் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க் கிரகத்தில் விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அவளுடைய இடது உள்ளங்கையில் தோலுக்கடியில் பதித்திருந்த நிலவுணரி, வடக்குச் சரிவுக்குக் கீழே ஓடும் தோரியம் என்ற அணு எரிபொருளின் படிவத்தை மெல்லிய அரிப்பாக உணர்த்தியது. நில அளவைத் துறையில் எல்லாருக்கும் இந்த அரிப்பு உண்டு; குழந்தைக்குத் தலை வாரும்போதுகூட விடாது.

சுரங்க விதி எளிமையானது. மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து கசியும் வெப்பத்தை அளக்கும். கசிந்தால் வரைபடத்தில் மஞ்சள். அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள். கசியாவிட்டால் கறுப்பு, அது ஆளில்லா நிலம், மண்வாரி இயந்திரங்கள் இறங்கலாம். எதையும் வீணாக்காமல் மனிதர்கள் வாழக்கூடும் என்று விதியை எழுதிய பூமிக்காரர்களுக்குத் தோன்றவில்லை.

சரிவு கறுப்பாக இருந்தது. போன மாதம் நேரில் சரிபார்க்கப் போனவள், அந்தக் கறுப்புக்குள் இறங்கி, இசக்கியம்மாள் என்பவளின் குழிவீட்டில் கஞ்சி குடித்தாள். ஒரு விரிசல் விடாமல் மண் பூசி, மூச்சுச் சூட்டிலேயே ஒரு குடும்பம் வாழும் வீடு. “நல்லா உக்காரு தாயி. நீ வந்ததுல வீடு கொஞ்சம் சூடாயிருச்சு” என்று இசக்கியம்மாள் சிரித்தாள். திரும்பி வந்த மங்கையர்க்கரசி, ‘ஆளில்லை’ என்றே பதிந்தாள். வரைபடத்துக்கு மாறாக எழுதினால் பக்கம் பக்கமாக விளக்கம் கேட்பார்கள். அன்றைக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். தோண்டுவதற்கு அவளுடைய இறுதி ஒப்புதல் மட்டுமே பாக்கி.

அலுவலகத்தில் இயக்குநர் குணபாலன் முகம் வெளிறிப் போயிருந்தார். பூமியின் சிக்கன உத்தரவுக்குப் பணிந்து, நகரத்தின் கூரை முழுக்க வெப்பம் தப்பாத பூச்சு அடித்து முடித்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தார். வந்தது புதிய வரைபடம். அதில் அவர்களுடைய நகரமே கறுப்பாக இருந்தது. பூமியிலிருந்த கணினி அதைச் சுரங்கத்துக்கு ஒதுக்கியும் விட்டது. இங்கே இத்தனை ஆயிரம் பேர் இருக்கிறோம் என்று அவர் அனுப்பிய செய்திக்கு, வரைபடத்தில் அப்படி யாரும் இல்லையே என்று பதில் வந்திருந்தது.

விதியை மாற்றச் சொல்லலாமே என்றாள் மங்கையர்க்கரசி. மாற்றினால் சரிவும் மஞ்சளாகிவிடும், தோரியம் கைவிட்டுப் போய்விடும் என்றார் அவர். வேறு வழி யோசித்து வைத்திருந்தார். பூச்சைச் சுரண்டிவிட்டு, எல்லா வீட்டிலும் ஹீட்டரை முழு வேகத்தில் ஓடவிட்டால் நகரம் வானத்துக்குப் பளிச்சென்று தெரியும். கையிருப்பு எரிபொருள் தீர்ந்துபோகும். அதை ஈடுகட்டச் சரிவை உடனே தோண்ட வேண்டும்.

“ஒரு ஒப்புதல்தான்மா. போட்டுடுங்க. நாமளும் மனுசங்கதான்னு காட்டணும்ல.”

“சரிவுல ஆளிருக்கு சார்.”

“வரைபடத்துல இல்லையே, மங்கை.”

“நாமளும்தான் இல்ல.”

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. ஒப்புதல் பலகையை அவள் பக்கம் நகர்த்தி, ஊரே உங்களை நம்பித்தான் இருக்கிறது என்றார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நிமிர்ந்து பார்க்கும் தகுதி தனக்கு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

“இதை நான் போட மாட்டேன் சார். சரிவுல ஆளிருக்குன்னு பூமிக்கு முதல்ல எழுதறேன். நம்மளப் பத்தி அதுக்குக் கீழ எழுதறேன்.”