கரடிச்சோலையில் குடியே இல்லை

"உங்கள் மூன்று நாள் முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு வாருங்கள்" என்றது அடிவார வாசல்.

தவமணிக்கு வந்ததே கோபம். "ஏய், நான் இந்த ஊருக்கே தலைவிடா!" என்று வாசல் கம்பத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். கம்பத்துக்கு உறைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் கரடிச்சோலையின் நாற்பத்து மூன்று குடும்பங்களும் பொங்கல் பானைகளோடு நின்றன. மாசிக்கு மாசி மொத்த ஊரும் மலையிறங்கி, குலசாமிக்குக் கிடா வெட்டிவிட்டுப் பொழுது சாயத் திரும்புவது வழக்கம். இதுவரை எவரும் வழி மறித்ததில்லை.

மறித்தது சுமைமானி. மலைமேல் எத்தனை கால்கள் நடக்கின்றன, எவ்வளவு தண்ணீர் செலவாகிறது, எவ்வளவு குப்பை சேர்கிறது என்று பார்த்து, மலை தாங்கும் அளவுக்கு மட்டும் ஆட்களை ஏற்றும் கருவி. பயணிக்கு ஆண்டுக்கு மூன்று நாள். வீட்டுவரி கட்டும் குடிகளுக்குத் தடை கிடையாது. கருவியை வாங்கியதே அந்த வரிப் பணத்தில்தான். கைதட்டித் தீர்மானம் போட்டதும் இவர்கள்தான்.

"மொக்கராசு, நாங்க இந்த ஊர்க்காரவுகன்னு அதுகிட்டச் சொல்லுப்பா. காலையில கறந்த மாடு, மடி கனத்துக் கத்திக்கிட்டு நிக்கும்."

காவலர் மொக்கராசு திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "கரடிச்சோலையில குடியே இல்லைன்னு காட்டுது தலைவரம்மா. நாப்பத்து மூணு வீடும் விடுதியாம்ல."

தவமணிக்கு அப்போதுதான் உறைத்தது. வரியில் ஒரு பங்கு பசுமைச் சுற்றுலா நிதிக்குப் போகிறது. வீட்டை விடுதி என்று பதிந்தால் அந்த நிதியிலிருந்து சூரியக் கூரை இலவசம், மழைநீர்த் தொட்டி இலவசம், வீட்டுவரியும் தள்ளுபடி. முதலில் விடுதிப் பலகை மாட்டியவள் அவள்தான். பிறகு ஊரே மாட்டியது. பயணி யாராவது கேட்டால் 'இடமில்லை' என்று அனுப்பிவிடுவார்கள். இந்த வாரம்தான் சுமைமானி வரிப் பதிவையும் ஆள் பதிவையும் ஒப்பிட்டுப் பார்த்தது. விடுதியில் உறங்குகிறவர் பயணி என்று முடிவு கட்டியது. அதில் தப்பும் சொல்ல முடியவில்லை, எரிச்சலே அதுதான்.

"அப்ப விதியை மாத்து!"

"மாற்றலாம். வரி கட்டும் குடிகள் மலைமேல் கூடித் தீர்மானம் போட வேண்டும்" என்றது சுமைமானி.

"அந்தக் குடிகதாண்டா நாங்க!"

"பதிவில் இல்லை. மலை இன்று மிக நலமாக இருக்கிறது. எல்லா விடுதிகளும் காலி."

"பலகை மாட்டுங்க, மாட்டுங்கன்னு வீடு வீடா வந்தியே தாயி" என்றார் பின்னாலிருந்து மாயாண்டி.

"சும்மா இருங்க சித்தப்பா. உங்க வீட்டுப் பலகை என் வீட்டுப் பலகையை விடப் பெருசு."

பயணிகள் வேன் ஒன்று வந்து நின்றது. சுமைமானி மரியாதையாக வணக்கம் சொல்லி வாசலைத் திறந்தது. சன்னலில் ஒரு பெண் தலையை நீட்டினாள். "அக்கா, மேல தவமணி இல்லம்னு ஒண்ணு காலின்னு காட்டுச்சு, இப்பத்தான் பதிஞ்சோம். நல்லா இருக்குமா?"

தவமணி வேனருகே போனாள். இடுப்பிலிருந்த சாவியை உருவி நீட்டினாள்.

"நல்லா இருக்கும் தாயி. கொட்டத்துல மாடு கத்திக்கிட்டு நிக்கும், போன உடனே கறந்து விட்டுருங்க. புண்ணியமாப் போகும்."

அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக வண்டிக்குள் திரும்பினாள்.

"ஏய், பால் கறக்குறதும் பேக்கேஜ்ல உண்டாம்!"