மூன்றாம் நாள் முத்திரை

1904 பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை. வைகறையில் எலும்பைத் துளைத்த வாடைக்காற்று வெயில் ஏறியதும் அடங்கிற்று. நைல் நதி எண்ணெய்போல் அசைவற்றுக் கிடந்தது.

அஸ்வானின் தொல்பொருள் ஆய்வாளர் ஷெனூதா எஃபெண்டி காப்பியைப் பருகி முடிக்குமுன் லேடி ரோவினா உள்ளே நுழைந்தார். ஆங்கிலேயப் பிரபு குடும்பத்துச் சீமாட்டி. எனினும் மேற்குக் கரைக் கல்லறைகளைத் தோண்டித் தோண்டி, அவருடைய நகக்கண்களில் மண் குடியேறியிருந்தது. குமாஸ்தா மித்வல்லி ஓடிச்சென்று நாற்காலி இட்டான்.

"உட்கார நேரமில்ல எஃபெண்டி. மூணு நாளா கல்லறையில துணி சுத்திக் கிடக்கிற அந்த அம்மாவோட முகம் வாசல் பக்கமா திரும்பிட்டே வருது. சாயங்காலம் நானே நேரா வச்சு, கதவுல களிமண்ண அப்பி, என் மோதிரத்தால முத்திரை குத்துறேன். காலையில முத்திரை அப்படியே இருக்கு, முகம் மட்டும் திரும்பியிருக்கு. ஆளுங்க மிரண்டுட்டாங்க. இன்னிக்கும் மண்வெட்டியத் தொடலன்னா என் வேலை அவ்வளவுதான். சாயங்காலக் கப்பல்ல என்னைக் கூட்டிட்டுப் போக ஜெர்வாஸ் பெட்டியெல்லாம் கட்டி வச்சுட்டான்."

ஜெர்வாஸ் அவருடைய பெரியப்பா மகன். சுவர்ச் சிற்பங்களைச் சுண்ணச்சாந்தில் அச்செடுப்பவன்.

"ஆவிதான் எஃபெண்டி, சந்தேகமே இல்ல" என்று கிசுகிசுத்தான் மித்வல்லி.

"தலையத் திருப்ப ஆவிக்கு மூணு நாள் எதுக்குய்யா? உன்னவிட சோம்பேறி போலிருக்கு" என்றார் ஷெனூதா.

படகிலேறி அக்கரை சேர்ந்தார்கள். கல்லறை வாசலில் மேஸ்திரி ஹம்தானும் ஆட்களும் குத்துக்காலிட்டு அமர்ந்திருந்தார்கள். உள்ளிருந்து வந்த குளிர்மூச்சு மித்வல்லியின் பிடரியைத் தடவிற்று. சுற்றிய துணியின் நடுவே கறுத்துச் சுருங்கிய அந்த முகம், யாரோ பெயர் சொல்லி அழைத்ததுபோல், வாசலை நோக்கியிருந்தது. மித்வல்லி தன் பெயரையே ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

ஒவ்வொரு காலையும் பெயர்த்த முத்திரையைச் சாட்சிக்காகப் பத்திரப்படுத்துவது சீமாட்டியின் வழக்கம். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என அவற்றை ஒரு துணியில் வரிசையாக வைத்தார். அமளி தொடங்குமுன் பெயர்த்தது சனிக்கிழமையது. நான்கிலும் மோதிரத்தின் பருந்து சிறகு விரித்திருந்தது. ஷெனூதா ஒரு நூலால் ஒவ்வொரு பருந்தையும் அளந்தார். பிறகு ஜெர்வாஸை வரவழைத்தார். அவனது சட்டைக் கையில் வெண்தூள் படிந்திருந்தது.

"ஈரக் களிமண் காஞ்சா சுருங்கும்" என்றார் ஷெனூதா. "சனிக்கிழமைப் பருந்து மோதிரத்தவிட ஒரு மயிரளவு சின்னது. அது நியாயம். ஞாயிறும் திங்களும் அதவிடச் சின்னது. அது எப்படி?"

"எப்படி எஃபெண்டி?" மித்வல்லிக்குப் பொறுக்கவில்லை.

"காஞ்ச முத்திரை மேல சாந்த ஊத்தி அச்செடுத்தா, அச்சே சின்னதாயிடும். அத மறுபடி ஈரமண்ணுல குத்தினா, காயறப்ப ரெண்டாந்தடவையும் சுருங்கும். கல்லுல அச்செடுத்தே பழகின கைக்கு மண்ணோட குணம் மறந்துபோச்சு. என்ன ஜெர்வாஸ் துரை?"

ஜெர்வாஸ் தலைகுனிந்தான். "பிணத்தோட குடும்பம் நடத்துற தங்கச்சின்னு ஊரே சிரிக்குது. இவள எப்படியாவது கூட்டிட்டு வான்னு இவ கூடப்பிறந்த அண்ணன் சொல்லித்தான் அனுப்பினான்."

"போலி முத்திரை குத்தச் சொன்னதும் அண்ணனா?" என்று கேட்டார் சீமாட்டி.

அவன் சட்டைக் கையின் வெண்தூளைத் தட்டினான். வெளியே ஹம்தான் ஆட்களைப் பார்த்து, "கேட்டீங்களாடா? வெள்ளைக்காரப் பேய். எந்திரிங்க" என்றான். மண்வெட்டிகள் ஓசையிட்டன.

அவர்கள் அகன்றபின் ஜெர்வாஸ் தணிந்த குரலில் கூறினான்: "ரெண்டு நாள் நான்தான். நேத்து போகல. முந்தின தடவ நான் கைய எடுத்தப்புறமும் அந்தத் தல திரும்பிச்சு. அதோட என் தைரியம் போச்சு."

மித்வல்லி துணியை நோக்கினான். செவ்வாய்க்கிழமை முத்திரையின் பருந்து, சனிக்கிழமைப் பருந்தைவிட நூலளவும் சிறியதாக இல்லை. எஃபெண்டி அதை முன்னமே அளந்திருந்தார். ஆனால் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை.

மாலையில் ஹம்தான் களிமண் பிசைந்து கொண்டுவந்தான். சீமாட்டி உட்சென்று வாசலை நோக்கிய முகத்தின்முன் நெடுநேரம் நின்றார். இம்முறை அதை நேராக்கவில்லை.

"உன்னையும் வீட்டாளுங்கதான் உள்ள வச்சுப் பூட்டினாங்களா?" என்று மெல்லக் கேட்டார். பிறகு வெளியே வந்து, "மண்ணு வேணாம் ஹம்தான். காவல் மட்டும் போடு. கதவு திறந்தே இருக்கட்டும்" என்றார்.

ஜெர்வாஸை மட்டும் ஏற்றிக்கொண்ட கப்பல் ஆற்றின் நடுவே ஊதியபோது, மாலை மணி ஐந்து பத்து.