விடிந்தால் கூடும் பச்சை

பாசி ராத்திரியில் இளைக்கும். பகலெல்லாம் வெயிலைத் தின்று சேர்த்ததில் கொஞ்சத்தை இருட்டில் தானே செலவழித்துவிட்டு, விடியும்போது ஒரு சுற்று மெலிந்துதான் நிற்கும். கல்யாணமானதிலிருந்து பாசித் தொட்டிகளோடு குடித்தனம் நடத்துகிற அவளுக்கு இது அத்துப்படி. அதனால்தான் அன்று காலை கண்ணாடித் தொட்டிக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நேற்று சாயங்காலம் மங்கலாகவாவது விரல்கள் தெரிந்தன. இப்போது கையே தெரியவில்லை.

"என்னங்க, இது ராத்திரியில வளர்ந்திருக்கு."

பல் துலக்கிக்கொண்டே வந்தான் கணவன். அக்கம்பக்கத்தில் அவனுக்குப் 'பாசி டாக்டர்' என்று பட்டப்பெயர். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு அவன் வளர்க்கிற பச்சை விழுதில் பாதி வண்டிக்கு ஊற்றும் எண்ணெயாகும், பாதி சத்து மாத்திரையாகும்.

"வளர்ந்தா வாயில சர்க்கரை போடணும். நீ என்னடான்னா எழவு வீட்டுக்காரி மாதிரி நிக்கிற!"

"வெயில் இல்லாம எப்படிங்க?"

"அது உழைக்குது. உன்னை மாதிரியா?" சிரித்தான். சிரிப்பு பாதியில் அறுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

போன மாதமும் இப்படித்தான் மூச்சு வாங்கினான். அதற்குக் காரணம் இருந்தது. பாசிக்குச் சோறே கரியமில வாயுதான். வாயு சிலிண்டர் ஏற்றி வரவேண்டிய லாரி வராமல் போய், விதைப் பாட்டிலில் இருந்த தாய்ப்பாசி மஞ்சளடிக்கத் தொடங்கியது. தயிருக்கு உறை மாதிரி அது. அது செத்தால் எல்லாம் போச்சு. அவன் ஒரு ரப்பர் குழாயைப் பாட்டிலுக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து, தன் மூச்சையே ஊதி ஊதி அதைப் பிழைக்க வைத்தான். "பெத்த பொண்ணு ஊதச் சொன்னா ஒரு பலூன் ஊதியிருக்கீங்களா?" என்று அவள்கூடக் கேலி செய்தாள். பிழைத்த அந்தப் பாசியைத்தான் எல்லாத் தொட்டிகளிலும் ஊற்றி வளர்த்தான்.

லாரி இன்னும் வரவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. சிலிண்டர் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. காற்று மோட்டாரும் ஓடவில்லை. ஆனாலும் ஈரத் துணியும் கீரைத் தண்டும் சேர்ந்து புளித்த மாதிரி வாடையடிக்கும் அந்தக் கொட்டகையில், வரிசையாக நின்ற தொட்டிகளின் அடியிலிருந்து குமிழிகள் மெல்ல எழுந்து, கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி மெல்ல எழுந்துகொண்டிருந்தன, அசந்து தூங்குகிற ஒருவரின் நெஞ்சைப் போல. அவள் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்தாள். குமிழிகள் நின்றன. எல்லாத் தொட்டிகளிலும். அவள் மூச்சை விட்டாள். எல்லாம் ஒன்றாக எழுந்தன.

வீட்டுக்குள் ஓடினாள்.

மகள் சிட்டு கட்டிலில் சுருண்டு கிடந்தாள். கொஞ்ச நாளாகவே இருமல். உதட்டோரம் வெளிறிப்போய், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு. "சளிதான், சரியாயிடும்" என்று கணவன் சொன்னதை நம்பிய தன் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றியது. சாயங்கால பஸ்ஸில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். அப்புறம் நடப்பது நடக்கட்டும். "சாயங்காலம் ஊருக்குப் போறோம்டா" என்று பிள்ளையின் காதில் சொன்னாள்.

"சித்தப்பா ஊருக்கா, பெரியம்மா வீட்டுக்கா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டது பிள்ளை.

"பெரியம்மா வீட்டுக்குடா கண்ணு. யார்கிட்டயும் சொல்லாதே."

"அப்பாகிட்ட?"

"அப்பாகிட்டயும்தான்."

மத்தியானத்துக்கு மேல் கணவன் கொட்டகைக்குள் போனதும் துணிகளை அள்ளிப் பையில் திணித்தாள். வெளியே மேகம் கவிந்து, பொழுது சாய்வதற்கு முன்பே வீடு இருட்டிக்கொண்டு வந்தது. பையோடு திரும்பினாள்.

கட்டில் காலியாக இருந்தது.

கொட்டகைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பச்சை இருட்டு. குமிழிச் சத்தம். சீராக. நிதானமாக.

முதல் தொட்டியின் பக்கத்தில் கணவன் உட்கார்ந்திருந்தான். வாயில் ரப்பர் குழாய். இரண்டாவது தொட்டியின் பக்கத்தில் சிட்டு. அவள் வாயிலும் குழாய். குழந்தையின் நெஞ்சு ஏறவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது. இறங்கி, இறங்கி, விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

பாய்ந்து குழாயைப் பிடுங்கினாள்.

சிட்டுவின் வாய் திறந்தது. கரையில் போட்ட மீன் மாதிரி. மூச்சு வரவில்லை. முதுகில் தட்டினாள். வரவில்லை. வாயோடு வாய் வைத்து ஊதினாள். போன காற்று போன இடம் தெரியவில்லை. உதடு நீலமானது.

கணவன் தன் குழாயை நிதானமாக எடுத்தான். காலையில் சிரித்த அதே முகம்.

"பிடுங்காதேடி. உள்ளே இழுக்க அவ மறந்துட்டா. இப்ப அதையும் தொட்டிதான் பார்த்துக்குது."

சொல்லி முடித்து மறுபடி வாயில் வைத்துக்கொண்டான்.

குழந்தையின் கண்கள் மேலே செருகின. கால் ஒருமுறை உதறியது.

அவள் தன் கையாலேயே குழாயைத் திரும்ப மகளின் வாயில் வைத்தாள்.

தொட்டி கொப்பளித்தது. சின்ன நெஞ்சு ஏறியது. இறங்கியது. சிட்டு கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். பார்த்தபடியே ஒரு கையை நீட்டித் துழாவி, மூன்றாவது தொட்டியின் குழாயை எடுத்தாள். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, அதன் நுனியை அம்மாவின் உதட்டில் வைத்து அழுத்தினாள்.

நுனி வெதுவெதுப்பாக இருந்தது. அது ஏற்கனவே மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது.