ஒரே பெயரில் இரண்டு இருக்கைகள்

"காலைலயே நீங்க போன் பண்ணி கன்ஃபர்ம் பண்ணிட்டீங்களே, அங்கிள்" என்றாள் கோமளா.

மகனும் மருமகளும் போகும் விமானச் சீட்டை உறுதிசெய்ய அழைத்த அம்பிகைபாகன், ரிசீவரைக் காதோடு அழுத்தினார். அன்று அவர் தொலைபேசியைத் தொட்டது இதுதான் முதல்முறை. புக்கிட் காத்திலில் இருந்த அந்த வீட்டில் அவரும் மனைவி மனோரஞ்சிதமும்தான் இருந்தார்கள். அவர் வீட்டில் இருக்கும்போது மனோரஞ்சிதம் தொலைபேசியை எடுப்பதில்லை.

மலாக்கா டவுனில் விமானச் சீட்டு விற்கும் கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண், எதிலிருந்தோ படிப்பதுபோல் மேலும் சொன்னாள். "ஜன்னல் சீட் கேட்டீங்க. போட்டாச்சு. மேடத்துக்கு வெஜிடேரியன். சாருக்குச் சாப்பாடே வேணாம்னு சொன்னீங்க."

பேசியது என் குரல்தானா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஊர்ப் பிள்ளையிடம் அப்படிக் கேட்பது தன் தகுதிக்குச் சரியாகாது என்று நினைத்தார். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

வெளியே பகல் பதினொரு மணிக்கே அந்திபோல் இருந்தது. கடலுக்கு அப்பால் சுமத்ராவில் காடு எரிந்துகொண்டிருந்த தொண்ணூற்றேழாம் ஆண்டின் புகை அது. வாரக்கணக்கில் எதிர்வீட்டுக் கூரையையும், வேலியோரச் செம்பருத்தியையும், சாலையில் போகும் லாரிகளின் முகப்பு விளக்குகளையும் சாம்பல் பூசி மறைத்து, சன்னலைச் சாத்தினாலும் துணியிலும் சோற்றிலும் தலையணையிலும் வந்து படிந்துகொண்டிருந்தது. அந்த நெடியை அவர் சுடுகாட்டில் ஒருமுறை முகர்ந்திருக்கிறார். பெரிய மகன் கிருபாலனை எரித்த அன்று.

கிருபாலன் எந்திரங்கள் விற்கும் நிறுவனத்தில் பொறியாளன். மாதத்தில் பாதி நாள் விமானத்தில் இருப்பான். பறந்த தூரத்துக்கு ஏற்ப விமான நிறுவனம் அவன் பெயரில் புள்ளிகள் சேர்த்தது. சேர்ந்த புள்ளிகளுக்கு இலவசமாகச் சீட்டு வாங்கலாம். தாயார் ஒருமுறை மதுரைக்குப் போகக் கேட்டபோது, அதை மட்டும் கேட்காதீர்கள், வரப்போகிற பெண்சாதியை ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் கூட்டிக்கொண்டு போக வைத்திருக்கிறேன் என்று சிரித்தான். சிரம்பானில் தர்மினி என்ற பெண்ணை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். நிச்சயத்துக்கு முன்னால் ஜகார்த்தாவில் ஒரு ஹோட்டல் அறையில் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கடைசிப் பயணத்தில் அவனைப் பெட்டிகளோடு பெட்டியாக, விமானத்தின் அடிவயிற்றில் ஏற்றி அனுப்பினார்கள்.

கொடுத்த வாக்கு பெரிது என்பது அம்பிகைபாகனின் கொள்கை. காணி அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெறும்வரை அவர் சொன்ன சொல் மாறியதில்லை. ஆகவே ஈராண்டு கழித்து இளைய மகன் கேதீசனுக்கு அதே தர்மினியை முடித்துவைத்தார். கிளேபாங்கில் நடந்த கல்யாண விருந்தில் பெண்ணின் மாமன்மார், எல்லோரும் டாக்டர்களும் வக்கீல்களும், மாப்பிள்ளைக்குப் பச்சைக்கல் மோதிரம் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். பிள்ளைகளைத் தேனிலவுக்கு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவது என் பொறுப்பு என்று சபையில் சொன்னார். கை தட்டினார்கள். ஓய்வூதியக்காரர் கையில் என்ன இருந்தது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். கிருபாலனின் உறுப்பினர் அட்டை இருந்தது. அவன் இறந்ததை யாரும் அந்த நிறுவனத்துக்குத் தெரிவித்திருக்கவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. இதைத் தனக்குள் பலமுறை சொல்லிக்கொண்டார். நம்மவர் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர் வரும். வெள்ளைக்காரன் முறையில் கடைசிப் பெயரே குடும்பப் பெயர். அதனால் அட்டையில் பெரிதாக இருந்தது அம்பிகைபாகன். மகனின் பெயர் 'கே' என்ற ஓர் ஆங்கில எழுத்தாகச் சுருங்கிக் கிடந்தது. நிறுவனத்திலிருந்து அழைத்து, மிஸ்டர் அம்பிகைபாகனா என்று கேட்டார்கள். ஆம், நான்தான் என்றார். அது அவர் பெயர்தானே. கேதீசனும் 'கே'தான். கோமளாவின் கடை வழியாகச் சீட்டு வந்தது.

மனோரஞ்சிதம் மட்டும் கல்யாணத்துக்கு முன்னால், பெரியவனுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து, அவனிடம் ஒரு சொல் கேட்டுவிடலாம் என்றாள். மங்கல காரியத்தில் செத்தவன் பெயரை எடுத்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அவர் அடக்கிவிட்டார்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது புகைநெடிக்கு நடுவே வேறொரு வாசம் மெல்ல நூல்போல் வந்தது. கிராம்பு. கிருபாலன் ஜகார்த்தாவிலிருந்து வாங்கிவந்து, அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு பின்கட்டில் நின்று புகைக்கும் கிராம்புச் சிகரெட்டின் வாசம். பூட்டிக் கிடந்த அவன் அறைப்பக்கமிருந்து வந்தது.

மனோரஞ்சிதம் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"அவன்ரை சாமானை எடுத்தனீங்கள்" என்றாள், தலை நிமிராமல். "அவனிட்டைக் கேட்டனீங்களோ?"

அவர் ரசம் கேட்டார்.

மறுநாள் கோமளாவே கூப்பிட்டாள். குரலில் சிரிப்பு இருந்தது. "அங்கிள், சிஸ்டத்துல ஒரே பேரு ரெண்டு தடவ வந்திருக்கு. அம்பிகைபாகன் கே, மிஸ்டர். ரெண்டு பேரு. ஒரு பொண்ணுக்கு ரெண்டு மாப்பிள்ளையா லா?"

விமானத்தில் இடமில்லை, ஒன்றை நீக்கச் சொல்கிறார்கள் என்றாள் அவள். ஒன்றில் உறுப்பினர் எண் இருக்கிறது, மற்றதில் இல்லை. "நம்பர் இருக்கிறத வச்சுக்கிட்டு மத்தத எடுத்துடவா? பாயிண்டு அதுலதானே இருக்கு."

எண் பெரியவனுடையது; அவள் எடுக்கப்போவது சின்னவனை. வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். எண்ணுக்கு உரியவன் இல்லை, இறந்துவிட்டான் என்று சொல்ல வேண்டும். பயணம் நிற்கும். சிரம்பானுக்குச் செய்தி போகும். செத்த மகனின் அட்டையில் சம்பந்தம் கொண்டாடியவன் என்று அந்த மாமன்மார் தங்கள் கிளப்பில் உட்கார்ந்து பேசுவார்கள். அவர் முதுகு தானாக நிமிர்ந்தது.

"ஒரே பெயர்தானே" என்றார். "எதை எடுத்தாலும் ஒன்றுதான்."

ஒயரின் மறுமுனையில் தட்டச்சுப் பலகையின் ஒலி கேட்டது. ஒரு தட்டு. இன்னொன்று. பிறகு நீளமாக ஒன்று. அதே கணத்தில் பூட்டிய அறைக்குள் ஏதோ விழுந்து உருண்டு நின்றது. அலமாரிக்கு மேல் இருக்கும் பெட்டியாக இருக்கும். பெட்டியின் தாழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொடுக்கித் திறக்கும் ஒலி வந்தது.

எலியாக இருக்கும் என்றார். யாரும் கேட்கவில்லை.

மணமக்கள் பெண்வீட்டுக்கு விருந்துக்குப் போய், அங்கிருந்தே சுபாங் விமான நிலையத்துக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. புறப்படும் நாள் விடிந்ததா என்றே தெரியவில்லை. புகை அவ்வளவு தாழ்ந்திருந்தது. விமானங்கள் நிறுத்தப்படலாம் என்று வானொலியில் சொன்னார்கள். அவர் வாழ்வில் முதல்முறையாக ஒரு காரியம் நடக்காமல் போக வேண்டும் என்று கும்பிட்டார். மத்தியானம் வானொலி, விமானங்கள் புறப்படுகின்றன என்றது.

அதற்குமேல் அவரால் உட்கார முடியவில்லை. சிரம்பானுக்கு அழைத்தார். சம்பந்தி எடுத்தார். எல்லோரும் வழியனுப்பப் போய்விட்டார்கள், தான் மட்டும்தான் மூட்டுவலியால் நின்றுவிட்டதாகச் சொன்னார். மாப்பிள்ளை விடிய எழும்பி இருட்டில் உட்கார்ந்திருந்தார், இன்றைக்கு அவ்வளவாகக் கதைக்கவில்லை, ஏதோ வாசமான சிகரெட் பிடிக்கிறாரே, எங்களுக்கு இதுவரை தெரியாதே என்று சிரித்தார்.

கேதீசன் புகைப்பதில்லை. ஆஸ்துமாக்காரன்.

அவர் மறுபடி எண்களை அழுத்தினார். கடைக்கு. யாரும் எடுக்கவில்லை. விமான நிறுவனத்துக்கு. காத்திருக்கச் சொல்லிப் பாட்டு ஓடியது. மறுபடி. பாட்டு. காரை எடுக்கலாம். புகையில், வழியிலுள்ள தம்பின் ஊரைத் தாண்டவே இருட்டிவிடும். சட்டையை மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார்.

தொலைபேசி மணி அடித்தது.

"மாமா, தர்மினி. நாங்கள் உள்ளுக்குப் போகப்போறம். சொல்லிப்போட்டுப் போவம் எண்டு எடுத்தன்." அவள் குரலுக்குப் பின்னால் கூட்டமும் அறிவிப்புகளும் இரைந்தன. "இவர் காலமையிலயிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை. கை ஐஸ் மாதிரிக் கிடக்கு. பயணம் எண்டால் அப்பிடித்தானாம்."

"பிள்ளை." அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "நில்லுங்கோ. ஏற வேண்டாம்."

"ஏன் மாமா?"

அவர் சொன்னார். சபையில் சொன்ன பொய்யை, அட்டையை, எண்ணை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். மானம் போகட்டும். பெண் திரும்பி வரட்டும். "கேதீசனிட்டைப் போனைக் குடுங்கோ."

இரைச்சலுக்கு நடுவே அவள் பேசினாள். துக்க வீட்டில் பேசுவதுபோல் குரல் இளகியிருந்தது.

"மாமா, கேதீசன் போய் ரெண்டு வருஷமாச்சே. இவர் கிருபாலன். நீங்கள் கொஞ்சம் படுங்கோ. மாமி பக்கத்திலை இருக்கிறாவோ?"

அங்கே தொலைபேசி கை மாறும் ஒலி கேட்டது. மூச்சு. மிக மெல்ல. நெடுந்தூரத்திலிருந்து.

"கேக்காமல் எடுத்தாலும் காரியமில்லை, அப்பா." அந்தச் சிரிப்பு. மதுரைக்குத் தர மாட்டேன் என்ற அதே சிரிப்பு. "குடுத்த வாக்குத்தானே பெரிசு."

இணைப்பு அறுந்தது.

கூடம் இருண்டிருந்தது. விளக்கு வைக்கவில்லை. மனோரஞ்சிதம் எங்கே? அவள் பூட்டிய அறையின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையைக் கதவில் பதித்திருந்தாள். உள்ளே யாரோ மூச்சுக்குத் திணறுகிறார்கள். கீச்சென்று இழுக்கும் மூச்சு. சிறு வயதிலிருந்து அவர் இரவெல்லாம் விழித்துக் கேட்ட மூச்சு.

"அப்பா. கதவைத் திறவுங்கோ. இஞ்சை ஒரே புகை."

சாவியை எடுத்தார். நுழைந்தது. திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது. எதிலும் பிடிக்கவில்லை. தோளால் இடித்தார். மரம் அசையவில்லை. சுவரைத் தட்டியதுபோல் இருந்தது.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ, அப்பா. பேரைச் சொன்னால் வந்திடுவன்."

மனோரஞ்சிதம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணீர் இல்லை. அவள் முகத்தில் இருந்தது வெறும் தேடல்.

"எனக்கு வருகுதில்லை" என்றாள். "சின்னவன்ரை பேர் என்னப்பா?"

அவர் வாயைத் திறந்தார்.

நாக்கு எழுந்தது. பல்லைத் தொட்டது. நின்றது. ஓர் எழுத்து இருந்தது. ஒரே ஓர் எழுத்து. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. சற்றுமுன் சொன்ன பெயர். தானே வைத்த பெயர். மறுபடி முயன்றார். வந்தது அவருடைய சொந்தப் பெயர்தான்.

"அம்பிகைபாகன்" என்றார். "அம்பிகைபாகன்."

உள்ளே மூச்சு ஒருமுறை இழுத்தது. பிறகு இழுக்கவில்லை.

கதவின் அடியில் புகை கசிந்தது. புகையோடு விரல்கள் வந்தன. சாம்பல் நிறம். தரையைத் தடவின. அவருடைய பாதத்தைத் தேடி மெல்ல நகர்ந்தன. கடைசி விரலில் பச்சைக்கல் மோதிரம்.