ஆறாயிரம் பல்பில் ஓர் அப்பா

கிணத்துக்கடவு தாண்டி, தென்னந்தோப்புக்கு நடுவே நின்ற அந்தப் பங்களாவுக்கு ரவிதேஜா பைக்கில் வந்து இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கிரைண்டர் கம்பெனி முதலாளி நஞ்சுண்டன் வாசலிலேயே காத்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தன் சிலையைத் தானே திறந்துவைக்கப் போகிறவரின் முகம்.

“ஏனுங் தம்பி, நீங்க மாட்டுன லைட்டு என்ற மானத்த வாங்குது. மேல பாருங்க.”

ரவிதேஜா பார்த்தான். முகப்புச் சுவரில் ஆறாயிரம் பல்புகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டளை போகிற வகை. ‘அப்பாவே தெய்வம்’ என்று எழுதியிருந்தது. தெய்வம் அசையாமல் எரிந்தது. அப்பாதான் வெட்டி வெட்டி அணைந்துகொண்டிருந்தார்.

நஞ்சுண்டனின் தகப்பனார் பாலுசாமிக்கு அன்று எண்பதாவது பிறந்தநாள். விழாவுக்கு வந்துகொண்டிருந்தவர்களில் தாராபுரத்து மில்காரக் குடும்பமும் ஒன்று. அவர்கள் பெண்ணை நஞ்சுண்டன் தன் மகன் கவினுக்குக் கேட்கத்தான் இத்தனை வெளிச்சம். பிறந்தநாள்காரர் மட்டும் கீழே வரப்போவதில்லை. நுரையீரல் கெட்டு, மாடியறையில் ஆக்ஸிஜன் மெஷினோடு படுத்திருந்தார். மூக்கில் குழாயோடு போட்டோவில் விழுந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்? அவருக்குப் பதில், மீசை கறுப்பாயிருந்த காலத்துப் படம் ஒன்று ஃபிளெக்ஸில் சிரித்தது. அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் ரம்ஷா நல்ல உயரம் என்பதால், பட்டுச்சேலை கட்டிவிட்டு, வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தியிருந்தார்கள்.

ரவிதேஜா ஒயரை மாற்றினான். அணைகிற பல்பை விட்டுவிட்டு அதற்கு முந்தினதை மாற்றினான். “ஒவ்வொரு பல்பும் தனக்கு வர்ற சேதியை எடுத்துக்கிட்டு மிச்சத்தை அடுத்ததுக்குத் தள்ளிவிடுமுங்க. முன்னால இருக்கறது கெட்டாலும் பின்னால இருக்கறதுதான் ஆடும்” என்றான். அப்படியும் அப்பா அடங்கவில்லை.

பிறகு அவன் நிமிர்ந்து காதைத் தீட்டினான். மாடியிலிருந்து ‘டக்’கென்று ஒரு மோட்டார் இழுக்கும் சத்தம். அதே நொடியில் எழுத்து துடித்தது.

“கரண்ட் போனதால ஊடு பூராவும் ஒரே இன்வெர்ட்டர்ல ஓடுதுங்க. மேல அந்த மோட்டார் இழுக்கறப்பெல்லாம் ஒயர் வரிசைல கடைசியா இருக்கற ‘அப்பா’வுக்குச் சக்தி பத்தலை. எங்கிட்ட குட்டி ஜெனரேட்டர் இருக்குது. அதுல இருந்து மெஷினுக்கு மட்டும் ஒயர் இழுத்துப்போட்டா தீர்ந்துச்சு.”

“ஒயரு எதுமேல போகும்?”

“ஹால் வழியா, படிமேலதானுங்க.”

நஞ்சுண்டன் ஹாலைப் பார்த்தார். இத்தாலி மார்பிள், முகம் தெரியுமளவுக்குத் துடைத்தது. அதன்மேல் கறுப்பு ஒயர் பாம்புபோலக் கிடக்க, தாராபுரத்து அம்மணிகள் பட்டுச்சேலையைத் தூக்கிக்கொண்டு தாண்டிப்போவதை நினைத்துப் பார்த்தார்.

“வேண்டாம். நான் பாத்துக்கறேன்.”

மாடியறையில் தைல வாசமும் டெட்டால் வாசமும் தேங்கியிருந்தன. பாலுசாமி கண்ணைத் திறந்தார். பேச்சு வருவதற்குக் காற்று போதாது. ஏதாவது வேண்டுமென்றால் விரலிலிருந்த மோதிரத்தால் கட்டில் கம்பியை மூன்று முறை தட்டுவார்.

“அரை மணி நேரமுங்கப்பா” என்றார் நஞ்சுண்டன் குனிந்து. “உங்களுக்காகத்தான்.”

பொத்தானை அழுத்தினார். மெஷின் பெருமூச்சு விட்டு நின்றது.

டங். டங். டங்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினார். வாசலில் ரம்ஷா ரகசியமாகக் கேட்டாள்: “சார், மெஷின் ஓடுதில்ல?”

“ஓடுது அம்மணி. பன்னீர நல்லாத் தெளி.”

கார்கள் வந்தன. அப்பா ஆடாமல் அசையாமல் ஜொலித்தார். மில்காரர் அண்ணாந்து பார்த்து, “இப்பிடியொரு மகன் கெடைக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணுமுங்க” என்றார். நஞ்சுண்டன் மைக்கைப் பிடித்தார். தகப்பன் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்ததில் தொடங்கினார். அரை மணி நேரம் எப்போதோ கடந்துபோனது. அவர் பேச்சு இன்னும் பள்ளிக்கூடத்தையே தாண்டவில்லை.

அப்போது எழுத்து மங்கியது.

மெல்ல, முழுதாக மங்கி, மெல்லப் பிரகாசமானது. மறுபடி மங்கியது.

“அடடா! மூச்சு விடற மாதிரியே பண்ணிப்போட்டாங்களே!” கூட்டம் கைதட்டியது.

நஞ்சுண்டன் சிரித்தபடி ரவிதேஜாவைப் பார்த்தார். அவன் ஓடிவந்து காதருகே முணுமுணுத்தான்.

“நான் இதப் போடலைங்க.”

“சரி, அணை.”

“பிளக்க அப்பவே புடுங்கிட்டேனுங்க.”

அவன் கையில் பிளக் தொங்கியது.

சுவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே இழுக்கும்போது வெளிச்சம், விடும்போது இருட்டு. ஒவ்வொரு தடவையும் இருட்டின் நீளம் கூடியது. நஞ்சுண்டனுக்கு ஒன்று புரிந்தது. சுவர் மங்கினால் தன் நெஞ்சும் காலியாகிறது. சுவரில் வெளிச்சம் ஏறும்வரை தன்னால் காற்றை இழுக்க முடியவில்லை.

மங்கியது.

காத்திருந்தார்.

மைக்கில் அவருடைய இரைப்பு மட்டும் கேட்டது. துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்து மில்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பன்னீரை வைத்துவிட்டு மேலே ஓடியிருந்த ரம்ஷாவின் அலறல் மாடியிலிருந்து வந்தது.

பாலுசாமியின் கருமாதிக்கு அந்த வட்டாரமே வந்தது. நஞ்சுண்டனைச் சோதித்த டாக்டர், நுரையீரல் காளைமாட்டுக்கு இருப்பதுபோல் இருக்கிறதென்று சொல்லிவிட்டார். ஆனால் நஞ்சுண்டன் ஹாலை விட்டு நகரவில்லை. மாடிப்படிக்கு அடியிலுள்ள சாமான் அறையைப் பார்த்தபடி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். கழற்றிய பல்புகளை அங்கேதான் சாக்கில் கட்டிப் போட்டிருந்தார்கள். சாக்கின் இழைகளுக்குள் வெளிச்சம் ஏறும். அவர் இழுப்பார். இறங்கும். அவர் விடுவார். பேச மட்டும் காற்று மிஞ்சாது.

வருஷம் திரும்பியது. தாராபுரத்துக்காரர்கள் நிச்சயத்துக்கு வருகிற அன்று சாயங்காலம், பட்டுவேட்டி கட்டிய கவின் சாமான் அறையை எட்டிப் பார்த்தான்.

“என்னதுங்கப்பா, இது இன்னும் மினுக்கு மினுக்குன்னு எரியுது? பேட்டரி கீட்டரி மாட்டிக் கெடக்குதாட்ட இருக்குது. வர்றவீங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?”

கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு சாக்கைப் பிரித்தான்.

நஞ்சுண்டன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. விரலிலிருந்த மோதிரத்தால் நாற்காலிக் கம்பியைத் தட்டினார்.

டங். டங். டங்.

“அரை நிமிஷமுங்கப்பா” என்றான் கவின், திரும்பிப் பார்க்காமல். “உங்களுக்காகத்தான்.”

ஒயர் அறுந்தது. சாக்கு இருண்டது.

மேலே, ஒரு வருஷமாகப் பூட்டிக்கிடந்த பாலுசாமியின் அறைக்குள்ளிருந்து, நிதானமாக, மூன்று தட்டு பதில் வந்தது.