மலை பழகிய பெட்டி

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் உண்டு. அன்று பனி முதலில் இறங்கியதா, வண்டி முதலில் நின்றதா என்பதை லாசர் ஒவ்வொரு முறையும் வேறுவிதமாகச் சொன்னான். கேட்ட நானும் இத்தனை நாளில் எதையாவது இடம் மாற்றி வைத்திருக்கலாம். பின்கதவின் பூட்டு தானாக எழும்பிய சத்தத்தை மட்டும் அவன் ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை.

லாசர் ஏற்காட்டில் மெக்கானிக். ஊர் முடிந்து காப்பித் தோட்டம் தொடங்குகிற இடத்தில் அவனுடைய தகரக் கொட்டகை இருந்தது. செம்மநத்தத்துப் பெரியண்ணனின் பழைய காரை ஓர் எஸ்டேட் ஜீப் கயிறு கட்டி இழுத்து வந்து அங்கே விட்டுப் போனது. அந்த வண்டி அப்படி வருவது புதிதில்லை.

"ஏனுங்க லாசரு, இதுக்கு ஒரு கழுதையைப் பிடிச்சுக் கட்டியிருக்கலாமுங்க. அதாச்சும் சூடானா நிக்காது" என்றார் பெரியண்ணன்.

"கழுதைக்கு எஃப்.சி. யாருண்ணா பண்றது?"

பெரியண்ணன் சிரிக்க முயன்றார். அவருடைய மகள் கவிப்பிரியா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை வயிற்றுக்குள் குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் சேலத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், தாமதித்தால் இரண்டு உயிரும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செம்மநத்தத்துக்கு வரும் பஸ்ஸை நம்பி அந்த வயிற்றை வைத்திருக்க முடியாது.

"இந்தத் தடவ மட்டும் நிக்காம பண்ணிக் குடுத்துருங்க. புள்ளை நொம்பப் பயந்து கெடக்குது."

சென்சார், ஒயர் எல்லாவற்றையும் லாசர் ஏற்கெனவே மாற்றிப் பார்த்துவிட்டான். மிஞ்சியது ஈசிஎம். எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது நெருப்பு என்று சொல்லித் தருகிற சின்ன அலுமினியப் பெட்டி அது. சூடேறியதும் அந்தப் பெட்டிக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. புதிய பெட்டி செய்வதைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது.

"பழைய பெட்டிதான் கிடைக்கும்ண்ணா."

"அடிபட்ட வண்டியோடதா இருந்தா சொல்லிப்போடுங்க. பூசணிக்காய் சுத்தி, சேர்வராயன் கோயில்ல வெச்சுக் கும்புட்டுட்டுத்தான் மாட்டோணும். எங்காளுங்க அப்படி மாட்ட மாட்டோம்."

"சும்மா நின்ன வண்டியோடது தேடித் தரேன்" என்றான் லாசர்.

சேலத்தில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ராமசாமியிடம் ஒரே ஒரு பெட்டி இருந்தது. அந்த மாதிரிப் பெட்டி தன் சாவியைத் தவிர வேறு சாவிக்குக் கட்டுப்படாது. அதனால் சாவியும் சேர்ந்தே வந்தது.

"மலை வண்டிதான். இறங்குறப்போ பாறையில மோதிருச்சு. ஓட்டுனவன் போய்ட்டான், வண்டியில அவன் மட்டுந்தான்" என்றார் ராமசாமி. "முன்பக்கம் அப்பளம். பின்சீட்டைத்தான் நான் எரிச்சுப்போட்டேன். ரத்த வாடை போகவே இல்லை."

ஓட்டுனவன் முன்னால் செத்தால் பின்சீட்டில் ஏது ரத்தம் என்று லாசர் கேட்டிருக்க வேண்டும். அவன் கேட்கவில்லை. சாவி கையில் ஈரமாக இருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டான்.

ஒரு பெட்டியை வேறு வண்டிக்கு மாற்றும்போது அது கற்று வைத்திருப்பதை அழித்துவிட்டு மாட்டுவது வழக்கம். ஓட்டியவனின் கால் எப்படி மிதித்தது, எந்த ஏற்றத்தில் எஞ்சின் திணறியது என்று பெட்டி ஒவ்வொன்றாய்ப் பழகி வைத்திருக்கும். அழித்துவிட்டால் முதலிலிருந்து பழக வேண்டும்; சில நாளைக்கு வண்டி உதறும். கவிப்பிரியாவுக்குச் சில நாள் இல்லை. இது மலை பழகிய பெட்டி, இருக்கட்டும் என்று லாசர் அழிக்காமலே மாட்டினான்.

பெரியண்ணனுக்குப் போன் போட்டு, நின்ற வண்டியின் பெட்டி கிடைத்துவிட்டது என்றான். "சாமி, நீங்க நல்லா இருக்கோணும்" என்றது அந்தப் பக்கம்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இத்தனை வருடத்தில் அந்த வண்டி அவ்வளவு அமைதியாக ஓடி அவன் கேட்டதில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன் சேலம் சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனான். பனி இறங்கியிருந்தது. மரங்கள் பாதியோடு நின்றுவிட்டன. மழையில்லாமலே இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெள்ளையடித்த தடுப்புச் சுவர் உள்ள ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது எஞ்சின் நின்றது. திணறவில்லை, உதறவில்லை. யாரோ சொல்லி நிறுத்தியது போல நின்றது.

டக்.

பின்கதவின் பூட்டு எழும்பியது.

கதவு திறக்கவில்லை. ஆனால் வண்டியின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது. இருபது வருடமாக வண்டிகளோடு கிடப்பவனுக்கு அந்த அமுங்கல் தெரியும். ஓர் ஆள் உட்கார்ந்தால் அப்படித்தான் அமுங்கும். நனைந்த துணியின் வாடை வந்தது. அதற்கு அடியில் துருவைப் போன்ற இன்னொரு வாடை.

காதுக்குப் பின்னால், மிகவும் பணிவாக, ஒரு குரல் கேட்டது.

"சீட்டு அழுக்காகாதுங்க. சீலையை அடியில விரிச்சுக்கிறேன்."

லாசர் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் தொடாமலே எஞ்சின் ஓடத் தொடங்கியது.

எப்படிக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தான் என்பது அவன் நினைவில் இல்லை. வந்ததும் ராமசாமியைப் போனில் பிடித்து, பின்சீட்டு ரத்தம் யாருடையது என்று கேட்டான்.

"அதுவா?" என்றார் ராமசாமி. "வழியில ஒரு மாசமான பொண்ணு கையக் காட்டி ஏறியிருக்குது. வலி எடுத்து நடந்தே இறங்கிட்டிருந்துதாம். கொஞ்ச தூரத்துல ரத்தம் பட்டு சீட்டு நாறுதுன்னு அவன் வெள்ளைச் சுவரு இருக்கிற ஒரு வளைவுல இறக்கி விட்டுட்டுப் போய்ட்டான். அந்த வழியா வந்தவங்ககிட்ட இதைச் சொல்லிட்டு, அது அந்தச் சுவத்தோரமே செத்துப்போச்சு. அவன் அடுத்த வளைவைத் தாண்டலை."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ கேக்கலியேப்பா."

லாசர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் படுத்தான். முதல் போல்ட்டில் கை வைத்தபோது பால் வேன் ஒன்று கொட்டகை முன் வந்து நின்றது. பெரியண்ணன் குதித்து இறங்கினார். உள்ளே தாய் பாவாயியின் மடியில் கவிப்பிரியா கிடந்தாள். உதட்டைக் கடித்து ரத்தம் வந்திருந்தது.

"நூத்தியெட்டுக்குச் சொல்லியாச்சு. பனியில ஏறி வரோணும்னா நேரமாகுமுங்க. பால் வேனுல பிரேக் சரியில்லை, மலை எறங்காதுங்கறான். வண்டி ரெடின்னீங்களே?"

அப்போது சொல்லியிருக்கலாம். இது செத்தவனின் பெட்டி, இதற்குள் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்ல லாசர் வாயைத் திறந்தான். 'சாமி, நீங்க நல்லா இருக்கோணும்' என்று வாழ்த்திய மனிதர் எதிரே நின்றிருந்தார்.

"நானே ஓட்டுறேன்ண்ணா" என்றான்.

பெண்கள் இருவரும் பின்னால் ஏறினார்கள். லாசர் சட்டைக்குள் கிடந்த சிலுவையை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டான். அந்த வளைவை மட்டும் நிற்காமல் தாண்டிவிட்டால் போதும் என்பதைத் தவிர அவன் மனதில் வேறொன்றும் இல்லை.

வெள்ளைச் சுவர் பனிக்குள்ளிருந்து வந்தது.

எஞ்சின் நின்றது.

டக்.

"யாருங்க அது கதவைத் தொறக்கறது?" என்றாள் பாவாயி. "எடமில்லீங்க. புள்ளைக்கு வலி எடுத்திருக்குது. வேற வண்டி பாருங்க."

அந்த வளைவில் சொல்லக் கூடாத ஒரே பதிலை அவள் சொல்லிவிட்டாள்.

"யாருடி அங்க?" என்றார் பெரியண்ணன்.

"ஒருத்தரையும் காணமுங்க."

சாவியைத் திருப்பத் திருப்ப வண்டி செத்தே கிடந்தது. "சரிவுதானுங்க, தள்ளுனாப் பிடிச்சுக்கும்" என்று பெரியண்ணன் இறங்கினார். பாரம் குறையட்டும் என்று பாவாயியும் இறங்கினாள். "தாங்கிக்க கண்ணு, அம்மா இங்கதான் இருக்கறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். இருவரும் பின்னாலிருந்து தள்ளினார்கள். சக்கரம் உருண்டது. எஞ்சின் பிடித்தது.

நிறுத்தினால் மறுபடி பிடிக்காது என்று லாசர் பயந்தான். கண்ணாடியை இறக்கிக் கத்தினான். "நான் போறேன், நீங்க பின்னாடி வாங்க."

"போங்க, போங்க" என்றது பனி.

அடுத்த வளைவை வண்டி தாண்டியது. அதற்கடுத்ததையும் தாண்டியது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில், பின்சீட்டில் சுருண்டு கிடந்தவளின் தோளும் ஈரத் தலையும் தெரிந்தன. முனகிக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான் கவி. அடிவாரம் வந்துரும்."

"சரிங்க."

"தண்ணி வேணுமா?"

"வேண்டாமுங்க. இறக்கி மட்டும் விட்டுறாதீங்க."

அதற்குப் பிறகு லாசர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கவிப்பிரியா அவனைச் சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிடுவாள். இதை அவன் அடிவாரம் தாண்டிய பிறகுதான் நினைத்துப் பார்த்தான். திரும்பிப் போயிருக்கலாம். அவன் போகவில்லை. பின்னால் கிடப்பது கவிப்பிரியாதான் என்று சேலம் வரைக்கும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு வந்தவர்கள் பின்கதவைத் திறந்தார்கள். திறந்தபடியே நின்றார்கள்.

சீட்டில் யாரும் இல்லை. ஒரு பழைய நூல் சேலை, நான்கு மூலையும் இழுத்து, ஒழுங்காக விரிக்கப்பட்டிருந்தது. அது ரத்தத்தில் ஊறியிருந்தது. அதற்கு அடியில் சீட்டு சுத்தமாக இருந்தது.

மலையேறி வந்த ஆம்புலன்ஸ்காரர்கள்தான் கவிப்பிரியாவைக் கண்டெடுத்தார்கள். அந்த வளைவிலேயே, வெள்ளைச் சுவரின் மறுகோடியில், சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பில் சூடு மிச்சமிருந்தது. பெற்றவர்கள் கூப்பிடு தூரத்தில்தான் நின்றிருந்தார்கள். வெகுநேரம் முனகல் கேட்டதாம். தூரத்தில் இறங்கிப் போகிற வண்டியிலிருந்து வருகிறது, பிள்ளை இன்னும் உயிரோடுதான் போகிறாள் என்று அதைக் கேட்டுக் கேட்டுப் பாவாயி கும்பிட்டுக்கொண்டு நின்றாளாம்.

கவிப்பிரியாவையும் வயிற்றுப் பிள்ளையையும் தனித்தனியே புதைத்தார்கள். பாவாயி அதன் பிறகு வண்டி எதிலும் ஏறவில்லை. எங்கே போனாலும் நடந்தே போகிறாள். பெரியண்ணன் லாசரை வெட்ட வந்து, கொட்டகை பூட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் செத்தார். லாசர் இப்போது சமவெளியில் ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்கிறான். அந்தக் கார் போலீஸ் ஸ்டேஷன் பின்னால் புல் முளைத்துக் கிடக்கிறது. அதன் டேஷ்போர்டை யாரோ பிரித்திருக்கிறார்கள். பெட்டி அங்கே இல்லை, சாவியும் இல்லை.

அவை திரும்பவும் ராமசாமியிடம் வந்து, திரும்பவும் விற்றுப் போயின. வாங்கியவர் யார், எந்த ஊர் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரே ஒரு முறை அந்த ஆள் போன் செய்திருக்கிறார். வண்டி அருமையாக ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை என்றாராம். காலியாக நிற்கும்போதும் பின்பக்கம் மட்டும் ஏன் அமுங்கியே இருக்கிறது என்று கேட்டாராம்.