தையல்காரியின் முகவரி

"கம்ப்யூட்டரை அணைச்ச பிறகு உள்ளே இருக்கிறவங்க என்னம்மா பண்ணுவாங்க?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். "தூங்குவாங்கடி" என்று சிரித்துவிட்டு, அம்மா அதை அன்றே மறந்துபோனாள்.

இன்று சாயங்காலம் அது நினைவுக்கு வந்தது. மழைக்கு முந்திக்கொண்டு கொடியிலிருந்த துணிகளை வாரி எடுத்து உள்ளே வந்தபோது, அவள் அணைத்துவிட்டுப் போன திரை கூடத்து மூலையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதில் அவள் பூட்டி வைத்திருந்த கோப்புகள் திறந்து கிடந்தன.

வீட்டுக்கே ஒரு கம்ப்யூட்டர்தான். கணவர் சீட்டாடுவார், மகள் படம் வரைவாள், அவள் தட்டச்சு செய்வாள். அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்த பெண்கள் பேசுவதைக் காப்பகத்தார் பதிவுசெய்து அனுப்புவார்கள். கேட்டு எழுதித் தருவது அவள் வேலை. ஒவ்வொரு கோப்பின் முடிவிலும் அந்தப் பெண் ஒளிந்திருக்கும் வீட்டின் முகவரி இருக்கும். அதனால்தான் பாஸ்வேர்டு.

மகளோடு நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்த கணவரை அழைத்தாள்.

"என் ஃபைலைத் திறந்தீங்களா?"

"ஐயோ தாயே, உன் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கிற மூளை இருந்தா நான் ஏன் சீட்டுல தோக்கறேன்? இதோ கிளம்பிட்டோம்."

மின்சாரம் போனது. விசிறி முனகி நின்றது. திரை அணையவில்லை.

திறந்திருந்தது அந்தப் பெண்களில் ஒருத்தியான தையல்காரியின் கோப்பு. எழுதியதைக் கொடுக்கக் காப்பகத்துக்குப் போன இடத்தில் இவள் மகள் ஜுரத்தில் துவண்ட நாளில், கொட்டும் மழையில், தன் ஒரே போர்வையைக் குழந்தைக்குப் போர்த்தி ஆஸ்பத்திரி வரை தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள். அந்த வெள்ளைப் போர்வையைத் திருப்பிக் கொடுக்கத்தான் இன்று இவள் துவைத்திருந்தாள்.

திரையில் ஒரு வரியின் மேல் நிழல் படர்ந்தது. அடுத்த வரிக்கு நகர்ந்தது. யாரோ விரல் வைத்து வாசிப்பதுபோல.

'அவர் போன மழைக்கே செத்துட்டாரு. இன்னமும் நான் போற வீடெல்லாம் தேடி வர்றாரு. வர்றதுக்கு முன்னாடி ஈரச் சாம்பல் வாசனை அடிக்கும்.'

பாவம், பயத்தில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்துத்தான் அன்று அதை எழுதினாள்.

இப்போது கூடமெங்கும் அந்த வாசனை.

நிழல் முகவரியை நோக்கி இறங்கியது. பாய்ந்துபோய் முகவரியை அழித்தாள். நிழல் நின்றது. அடுத்த கோப்பு திறந்தது. வேறொரு பெண். அடுத்தது. அதற்கும் அடுத்தது. முகவரி கிடைக்காதவரை எல்லோரையும் புரட்டிப் பார்க்கும்.

கணவருக்குச் செய்தி அனுப்பினாள்: 'இன்னைக்கு அங்கேயே தங்கிடுங்க. குழந்தையைக் கூட்டிட்டு வராதீங்க.'

கடவுளே, குழந்தை இங்கே இல்லை. அது போதும்.

தையல்காரியின் கோப்புக்குத் திரும்பினாள். அழித்த இடத்தில் தன் வீட்டு முகவரியைத் தட்டினாள். தெரு. கதவு எண். மாடி. பிழையில்லாமல்.

நிழல் திரும்பி வந்தது. ஒவ்வோர் எழுத்தாக வாசித்தது. அவசரமே இல்லை.

கோப்பு மூடிக்கொண்டது. திரை அணைந்தது.

மழைச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. நாற்காலியில் போட்டிருந்த வெள்ளைப் போர்வையின் ஒரு நுனி மட்டும் தரையில் கிடந்தது.

அதில் மெல்ல, ஈரச் சாம்பலில், ஒரு பாதம் பதிந்தது. விரல்கள் அவளைப் பார்த்திருந்தன.